மின்னூற் கருவி வாங்குதல் பற்றிய தர்க்க விசாரம்

புத்தகம் படிப்பதற்கென்றே செய்யப்பட்டு, வேறெந்தக் காரியத்துக்கும் உதவாத ஒரு கருவியைக் காசு கொடுத்து வாங்கலாமா, அன்றிக் கையிலிருக்கும் கைப்பேசியிலேயே படித்துக் காலத்தைக் கழிக்கலாமா என்னும் வினா, பார்வைக்கு அற்பமாயினும், படித்த குடும்பங்கள் பலவற்றில் மாதக்கணக்காக, சில இடங்களில் வருஷக்கணக்காகவே, தீராமல் நின்றுவருவது. ஆன்மா உண்டா இல்லையா என்பதையே பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் முதலிய பிரமாணங்களால் அளந்து பார்த்த நம் முன்னோர் இவ்வினாவைத் தொடாது விட்டது, அக்காலத்தில் அமேசானின் கிண்டில் என்னும் மின்னூற் கருவி இல்லாமையாலேயன்றி வேறு காரணத்தால் அன்று.

முதலில் பிரத்தியட்சம். 1997-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்திலிருந்து கிளைத்த ஈ இங்க் நிறுவனத்தார் உலகுக்கு அளித்த மின்மைத் திரையில், மயிரிழைப் பருமனே உடைய நுண்குமிழ்கள் எண்ணற்றவை பரவியிருக்க, அவற்றினுள் தெளிந்த திரவத்தில் ஒன்றுக்கொன்று எதிரான மின்னேற்றம் பெற்ற வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதந்துகொண்டு, மின்புலம் மாறுந்தோறும் மேலெழுந்தும் கீழிறங்கியும் எழுத்தாக நமக்குக் காட்சி தருகின்றன. வெயிலில் கைப்பேசி மங்க, இத்திரையோ மேலும் தெளிகிறது. மொட்டைமாடி வாசகர்க்கு இது பெரும் பேறு. ஒருமுறை அமைந்த பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கம் புரளும்போதுதான் செலவு. ஆகவே, விரைந்து படிப்பவனுக்கு அபராதமும், முதற்பக்கத்திலேயே கண்ணயர்பவனுக்கு வெகுமதியும் விதிக்கும் ஒரே வாசகசாலை இதுவே என்று துணியலாம்.

இனி, ‘கைப்பேசி இருக்க இது எதற்கு?’ என்னும் பூர்வபட்சத்தை, அதாவது எதிர்வாதத்தை, நோக்குவோம். கதாநாயகி கிணற்றடியில் நின்று முடிவெடுக்கும் தறுவாயில், பெரியப்பாவிடமிருந்து தாமரைப்பூப் படத்தோடு காலை வணக்கம் வந்து திரையின் மேற்புறத்தில் அமர்ந்துகொள்ளும் அனுபவத்தை அறிந்தவர் இப்பட்சத்தை நெடுநேரம் பேசமாட்டார். மின்னூற் கருவியின் குணம் அதன் இயலாமையே. பாட்டுப் பாடாது, படம் காட்டத் திணறும், பெரியப்பாவை அண்டவிடாது.

அனுமானத்தில்தான் இடறல். மலையில் புகை காணின் அங்கே தீ உண்டு என்பது நியாய சாஸ்திரத்தின் பழைய உதாரணம். அதனை ஒட்டி, ஒரு வீட்டில் புத்தக அலமாரி காணின் அங்கே வாசிப்பு உண்டு என்று அனுமானிப்பாரை நாம் தினந்தோறும் காண்கிறோம். அந்த வியாப்தி, அதாவது ஒன்றிருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்னும் நியதி, எவ்வளவு பழுதுடையது என்பதை அலமாரிக்கு உடையவர்கள் அறிவார்கள். அலமாரியிலாவது, படிக்கப்படாத நூல் தூசி படிந்து, இராமபாணப் பூச்சி அரித்து, உடையவனை முறைத்துக்கொண்டேனும் நிற்கும். ஆயிரக்கணக்கான நூல்களை விழுங்கவல்ல கருவியிலோ, படிக்காதவை யாவும் ஓர் எண்ணாகச் சுருங்கி, மானத்தை வாங்காமல் மறைந்து கிடக்கும். சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் ஒன்றாக, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகன் கிட்டவேண்டும் என்னும் கருத்தை வைத்தார். அவ்விதிக்கு இக்கருவி உடன்பட்டதாகத் தெரியவில்லை.

தமிழ் வாசகனுக்குரிய இடர்ப்பாடுகள் தனி. கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தது 2016-இல். அதற்கு நெடுநாள் முன்பே, 1998 முதல், மதுரைத் திட்டத்தார் பழைய நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கிவந்தனர். ஆயினும் நம்மவர் தேடியலையும் அரிய பதிப்புகளிற் பல, பக்கம் பக்கமாகப் படமெடுத்த கோப்புகளாகவே கிடைக்கின்றன. அவற்றை ஆறு அங்குலத் திரையில் ஏற்றினால், எழுத்தின் தலைமேல் இருப்பது மெய்ப்புள்ளியா, அன்றி 1920-ஆம் வருஷத்துக் காகிதத்தில் ஈ இட்ட அடையாளமா என்னும் ஐயம் தோன்றி, அதைத் தீர்க்கப் பெரிதாக்கினால் வரியின் பிற்பாதி திரைக்கு வெளியே போய்விட, இழுத்துப் பார்த்து மீள்வதற்குள் முற்பாதியின் பொருள் மறந்துபோகும். ஆராய்ச்சியாளர் இதனைப் பதிப்பாசிரியரின் நடைக்குற்றம் என்று எழுதிவிடுதலும் கூடும்.

உடைமை பற்றியும் ஒரு சொல். 2009 ஜூலையில், விற்றவர்க்கு உரிமை இல்லையென்று கண்ட அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தானே அழித்துவிட்டு, விலையைத் திருப்பித் தந்தது. இரவில் வீடு புகுந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கிரயத்தை மேசைமேல் எண்ணி வைத்துச் செல்லும் நாணயமான திருடனை ஒத்தது அச்செய்கை. கண்காணிப்பைப் பற்றிய நாவலாக அது அமைந்ததை என்னென்பது! இரவல் கேட்பாரிடமிருந்து இக்கருவி நம்மைக் காக்கிறது என்பது உண்மையே. ஆனால் திருப்பித் தரப்படாத புத்தகங்களாலேயே நல்ல தனி நூலகங்கள் பல வளர்ந்திருக்க, அந்த ஊற்றை அடைப்பது கல்விக்கு நன்றாமோ என்பது என் கலக்கம்.

எஞ்சியது சப்தப் பிரமாணம், அதாவது வாங்கியோர் வாக்கு. 2007 நவம்பரில் முதற் கிண்டில் 399 டாலர் விலைக்கு வந்து ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தபோது, வாங்கியவர்களுக்கு இப்பிரமாணம் கிட்டவில்லை, பாக்கியசாலிகள். இன்றோ ஒருவர், திரையின் நுண்மை, விளக்கின் வெதுவெதுப்பு, கோபோ என்னும் போட்டிக் கருவியின் தாராளம், அடுத்த வருஷத்து மாதிரி இவை பற்றிய மதிப்புரைகளைக் கைப்பேசியில் படித்துத் தள்ளும் நேரத்தில், ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் முடித்திருக்கலாம். என் துணிபு யாதெனில், வாங்கலாமா என்னும் விசாரமே ஒரு வாசிப்பு முறை. புத்தகத்தைத் தொடாமலே வாசகன் என்னும் கௌரவத்தை அளிப்பதால், அதில் ஈடுபட்டோர்க்குக் கருவியை வாங்கி அந்தச் சுகத்தைக் கெடுத்துக்கொள்ள மனம் ஒப்புவதில்லை. அத்தகையோர் வாங்க வேண்டா. இரவெல்லாம் நாவல் படித்துக் கண் நொந்தவர் தாராளமாக வாங்கலாம்.

வாங்கியபின் எழும் ஐயம் ஒன்று. சரஸ்வதி பூஜையன்று பீடத்தில் வைத்த நூலை அன்றைக்குப் படிக்கலாகாது என்பது வழக்கு. தொட்டாற் புரளும் இத்திரையில் ஈரச் சந்தனத்தை இடுங்கால் பக்கம் ஒன்று தானே புரண்டுவிடின், அது படித்ததாகுமா? சாஸ்திரம் அறிந்தோர் மாறுபடக்கூடுமாதலால், கருவியை உறையிலிட்டு, உறையின்மேற் சந்தனம் வைப்பதே உத்தமம். உறைக்கு விலை தனி.