கிணற்றுத் தவளையின் கால்

என் பாதம் நீளத்தில் எட்டு, அகலத்தில் பத்து. வரப்பிலும் வாய்க்காலிலும் வெறுங்காலோடு வளர்ந்ததால், ஐந்து விரல்களும் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். ஷூ வாங்கப் போனால் எட்டு கடிக்கும், ஒன்பது கழலும். கடைப்பையன் பரணிலிருந்து பத்துப் பெட்டி இறக்கி முடித்த பிறகு, ஒரு ஹவாய் செருப்பை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன்.

இப்பேர்ப்பட்ட காலுக்கு நாற்பத்தாறு வயதில் துடுப்பு மாட்ட வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 2018இல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். படகுத்துறையில் இன்னும் ஹேவ்லாக்தான். அங்கே ஸ்கூபா பழகினேன். முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் படித்தவனுக்கு, சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவது பதவி உயர்வு மாதிரி இருந்தது. ஒரே குறை, வாடகைக்குக் கொடுத்த ஃபின், அதாவது காலில் மாட்டும் துடுப்பு. இடது கால் இறுக்கம், வலது கால் தளர்ச்சி. ஊர் திரும்பியதும் சொந்தமாக ஒரு ஜோடி வாங்குவது என்று தீர்மானித்தேன். எத்தனை ஜோடி வாங்கினேன் என்பதுதான் மீதிக் கதை.

முதல் ஜோடியை அழகு பார்த்து வாங்கினேன். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். மாட்டிக்கொண்டால் சுறாவுக்குச் சம்பந்தி போல இருந்தது. வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்த்தேன். ஃபின் போட்டால் முன்னோக்கி நடக்கக் கூடாது, நுனி மடங்கிக் குப்புற விழுவோம். பின்னோக்கித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே நடந்து போய் இட்லி மாவுக் குண்டானில் உட்கார்ந்தேன். "ஏனுங்க, கடலுக்குள்ள போறவங்க கடல்லயே போட்டுப் பார்க்கக் கூடாதா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

கடலில் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது மூச்சடக்கி நேராகக் கீழே போய் நேராக மேலே வருகிறவர்களுக்கு உரியது. பவளப்பாறைச் சந்துகளில் மெதுவாகத் திரும்பித் திரும்பி வேடிக்கை பார்க்கிறவனுக்கு அது டவுன் பஸ் ஸ்டாண்டுக்குள் டிரெய்லர் லாரி ஓட்டுகிற கதை. நான் திரும்பிய ஒரு திருப்பத்தில், பின்னால் வந்தவர் முகத்தில் இருந்த மாஸ்க் கழன்றது.

இரண்டாம் ஜோடிக்கு அழகை விட்டுவிட்டுச் சிக்கனத்தைப் பிடித்தேன். ஷூ மாதிரி முழுப் பாதத்தையும் மூடும் வகை; வெந்நீர் போலிருக்கும் நம் கடல்களுக்கு வெறுங்காலிலேயே மாட்டலாம், எடை குறைவு, விமானத்தில் கொண்டுபோகச் சுலபம். எல்லாம் உண்மை. ஆனால் ஷூ மாதிரி என்றால் ஷூவின் குணமும் வருமல்லவா? எட்டாம் நம்பரைக் கூரியரில் வரவழைத்தேன். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பங்காளிகள் ஐந்து பேரும் ஒரே அறையில் அடைபட்டு, கெண்டைக்காலைக் குரக்களி பிடித்துக்கொண்டது. அதற்கு வைத்தியம், காலை நீட்டி ஃபின் நுனியைக் கையால் பிடித்து நெஞ்சை நோக்கி இழுப்பது. நான் இழுத்துக்கொண்டிருந்ததை யோகாசனம் என்று நினைத்து ஒரு வெளிநாட்டுக்காரர் படம் எடுத்தார்.

இந்த விஷயத்தில் எனக்குத் துணை உண்டு. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது ஓவியர்களின் வண்ணப்பலகை மாதிரி இரண்டு பலகை செய்து கையில் பிடித்து நீந்தினார். காலுக்கும் ஒருவகைச் செருப்பு செய்து பார்த்தார். அது திருப்தியாக அமையவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். மின்னலை ஆராய்ந்தவருக்கே கால் ஒத்துழைக்கவில்லை. அதன்பின் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியு 1933இல் ரப்பர் ஃபினுக்குக் காப்புரிமை வாங்கும்வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம்மவர்கள் காத்திருக்கவில்லை. கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்கினார்கள், மேலே வந்தார்கள். யாரிடமும் சைஸ் கேட்கவில்லை.

மூன்றாம் முறை ஹேவ்லாக்கில் வாய்த்த பயிற்சியாளர் அந்தமானிலேயே பிறந்த தமிழர். பெற்றோருக்கு ராமநாதபுரம் பக்கம். தண்ணீருக்குள் என்னைக் கவனித்துவிட்டுப் படகில் ஏறியதும் கேட்டார்: "அண்ணே, ஊர்ல சைக்கிள் ஜாஸ்தி ஓட்டுவீங்களோ?"

அப்போதுதான் குட்டு உடைந்தது. நான் முழங்காலை மடக்கி மடக்கிப் பெடல் மிதித்துக்கொண்டிருந்தேன். உதை இடுப்பிலிருந்து வர வேண்டுமாம். அதோடு, தரைக்குப் பக்கத்தில் மேலும் கீழும் உதைத்தால் மணல் கிளம்பி, பின்னால் வருகிறவர்களுக்கு மாசி மாதப் பனிமூட்டம். "தவளை மாதிரி உதைங்கண்ணே. முட்டியை மடக்கி, ரெண்டு உள்ளங்காலையும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு திருப்பி, தண்ணியைப் பின்னால தள்ளுங்க. தள்ளிட்டுச் சும்மா இருங்க."

வாழ்நாளெல்லாம் கிணற்றுத் தவளை என்று பேச்சு வாங்கியவனிடம், காசும் வாங்கிக்கொண்டு தவளையாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதற்கேற்ற ஃபினையும் அவரே எடுத்துக் கொடுத்தார். குதிகால் திறந்து, பின்னால் வார் இருக்கும் வகை. உள்ளே பூட்டி என்கிற நியோப்ரீன் காலுறை போட்டுத்தான் மாட்ட வேண்டும். குட்டையான, விறைப்பான, கறுப்பு ரப்பர் பலகை. நுனி இரண்டாகப் பிளந்த வகை கால் நோகாமல் ஓடும். ஆனால் தவளை உதைக்குச் சரிவராது என்று அதை ஒதுக்கினார். பூட்டியோடு மாட்டி, விரல்களை ஆட்டச் சொன்னார். பங்காளிகள் தாராளமாக ஆடினார்கள். காலைத் தூக்கி உதறச் சொன்னார், கழலவில்லை. ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. இரண்டு வருடத்தில் என் ஃபினைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கனம் மட்டும் கொஞ்சம் அதிகம். திரும்பும்போது விமானத்தின் பதினைந்து கிலோ கணக்கைச் சரிக்கட்ட மனைவியின் சங்கு, சிப்பி சாமான்கள் என் சட்டைப் பைகளில் பயணம் செய்தன. விலையை இங்கே எழுதுவதற்கில்லை. அவளும் இந்தப் பத்திரிகை படிக்கிறாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆசை அடங்கவில்லை. ஃபினோடு எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினேன். மடக்கி, திருப்பி, தள்ளி, சும்மா இருந்தேன். இரண்டாவது சும்மாவில் எதிர்ச்சுவர் வந்து தலையில் இடித்தது.

படிக்கல்லில் உட்கார்ந்திருந்த தவளை ஒன்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மெல்லத் தண்ணீரில் விழுந்து ஒரே ஒரு உதை உதைத்துவிட்டு, காலை நீட்டியபடி சத்தமில்லாமல் அக்கரை சேர்ந்தது. வார் இல்லை, பூட்டி இல்லை, சைஸ் பிரச்சினையும் இல்லை. விரல்கள் மட்டும் என்னுடையவை மாதிரியே நன்றாக விரிந்திருந்தன.