பாலன்குடில் வீடுகளின் யன்னல் வெளிச்சம்: குருநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

நத்தார் நெருங்கியதும் யாழ்ப்பாணத்துக் குருநகரில் மட்டைக்கும் ரெஜிபோமுக்கும் கிராக்கி ஏறிவிடும். யாகப்பர் கோயிலைச் சுற்றிய ஒழுங்கைகளில் பாலன்குடில்கள் எழும்; பெத்லகேமின் குட்டி வீடுகளுக்குள் லைட் எரியும். இவ்வளவு முக்கியமான துறையை ஆய்வுலகம் இன்றுவரை திரும்பிப் பார்க்காதது வருந்தத்தக்கது.

1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. வெளிச்சத்துக்கு மெழுகுதிரியும் தீப்பந்தமும். அளவுச் சிக்கல் அங்கே எழவில்லை. மாடு மாட்டளவில்தான் இருந்தது. நமது குடில்களிலோ ஆடு கூரைக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது. அந்த ஆடு தனி ஆய்வுக்குரியது. இங்கு வெளிச்சம் மட்டுமே.

வீட்டை 50இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பரப்பு 2500இல் ஒரு பங்காகும். வெளிச்சமும் அதே கணக்கில் சுருங்க வேண்டும். 60 வாட் குமிழ் தரும் ஏறத்தாழ 800 லூமன், குடில் வீட்டில் 0.32 லூமன் ஆகும். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. இதைவிடப் பத்து மடங்கு ஊற்றுகிறது. ஏழைத் தச்சனுக்கு இடம் கொடுக்காத ஊர், நள்ளிரவில் இவ்வளவு கரண்டை எரித்தது என்பது நம்பத்தக்கதல்ல. அக்காலத்து எண்ணெய் விளக்கை வைத்துக் கணக்கிட்டால் ஒன்றுமே தெரியாது. ஆகவே ஆய்வு 60 வாட்டிலேயே நின்றுகொள்கிறது.

பரிகாரம் மலிவானது. 9 வோல்ட் பற்றரியோடு 470 ஓம் தடையி போடும் இடத்தில் 4,700 ஓம் போட்டால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும். யன்னலுக்கு மஞ்சள் கடதாசி ஒட்ட வேண்டும். உட்சுவருக்குக் கறுப்புப் பூச்சு கட்டாயம். இல்லையேல் மட்டையூடாக ஒளி கசிந்து, வீடு வெசாக் கூடாகிவிடும்.

அடுத்தது மினுங்கல் பிரச்சினை. ஒரு வீட்டில் நொடிக்கு இருமுறை லைட் அணைந்து எரிந்தால் உள்ளே நடப்பது என்ன? வயறிங் பிழை என்பது ஒரு கட்சி. சின்னப் பிள்ளை சுவிட்சில் நிற்கிறது என்பது மறுகட்சி. 1990களின் போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் தடைப்பொருளாகி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறையைக் கேட்டால், விட்டுவிட்டு எரிவதே யதார்த்தம் என்பார்கள். இந்த மூன்றாவது கட்சியின் வாதத்தை முறியடிக்க இவ்வாய்வாளரால் முடியவில்லை.

எல்லாக் கட்சிகளும் தவறவிட்டது இருட்டை. பாலன் பிறந்தது நள்ளிரவு என்பது மரபு. அந்நேரம் ஊர் முழுக்க விழித்திருக்குமா? யாகப்பரே வலை இழுத்தவர். இரவில் கடற்றொழிலுக்குப் போகும் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகையால் குடில் கட்டும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: பத்து வீடு வைத்தால் மூன்றுக்கு மட்டும் லைட் கொடுங்கள். வயர் கழண்டுபோச்சோ என்று யாராவது கேட்டால், வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டார் என்று சொல்லுங்கள்.