பின்னட்டைப் பேரனுக்கு

ஏலே பேராண்டி, போன தை மாசம் சென்னைப் புத்தகக் காட்சியில வாங்கி, பிரிக்காமலே இங்க இறக்கி வச்சுட்டுப் போனியே ஒரு அட்டைப்பெட்டி, அதை இந்த அடைமழைக்கு நான் காலி பண்ணிட்டேன். கோவிச்சுக்கிடாத. வாங்கின குடும்பத்துல ஒருத்தராவது படிக்கணும்ல.

நீ ஒரு வருசத்துல அம்பத்திரண்டு புத்தகம் படிச்சதா செல்போன்ல ஊருக்கே சொல்லியிருக்கியாம். வாரத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு. உங்க அம்மா பெருமையாக் காட்டினா. பருத்தி எடுக்கப் போற பொம்பளைக சாயங்காலம் எத்தனை கிலோன்னு நிறுத்துச் சொல்லுவாக. எத்தனை செடியைத் தொட்டோம்னு சொன்னா யாரும் கூலி கொடுக்க மாட்டாக. உங்க பட்டணத்துல தொட்டதுக்கே கூலி உண்டு போல. நல்லா இரு.

எண்ணிக்கைதான் முக்கியம்னா தாத்தா வழி சொல்லுதேன். மெலிசாப் பார்த்து வாங்கு. சி.சு. செல்லப்பாவோட வாடிவாசல் இருக்கே, 1959-ல வந்தது, நூறு பக்கம் தேறாது. ஒரே ஒரு மத்தியானத்து ஜல்லிக்கட்டுக் கதை. ஆனா எச்சரிக்கையா இரு, மெலிசுப் புத்தகம் ஆளை ஏமாத்திப்புடும். சட்டுன்னு முடிச்சுட்டுக் கஞ்சி குடிக்கலாம்னு உக்காந்தேன், கஞ்சி ஆறிப்போச்சு. மாடு பிடிக்கிற பிச்சிக்கும் காரிங்கிற காளைக்கும் நடந்தது நேருக்கு நேர் சண்டை, அதுல ஒரு ஞாயம் இருக்கு. கடைசியில துப்பாக்கி எடுக்குறது மேல உக்காந்து வேடிக்கை பார்த்த ஜமீன்தார். மாட்டுக்கும் மனுசனுக்கும் இல்லாத ரோசம் பார்த்துக்கிட்டு இருந்தவருக்கு வந்திருச்சு. இதை உன் கணக்குல ஒண்ணுன்னு எழுதிக்கோ.

பூமணியோட வெக்கையை நீ தொடவே இல்லை. முதுகு ஒடியாம அப்படியே இருக்கு. அதை வச்சு எடுத்த அசுரன் படம் பார்த்தாச்சு, பிறகு எதுக்குன்னு நினைச்சிருப்ப. படம் வந்தது 2019-ல, நாவல் 1982-ல. படத்துல பாரத்தைத் தூக்கித் தகப்பன் தலையில வச்சுட்டாங்க. நாவல் முழுக்க ஒரு பதினஞ்சு வயசுப் பையன் கூடத்தான் ஓடுது. எடுத்த எடுப்புல கொலை முடிஞ்சு போகுது. மிச்சமெல்லாம் அப்பனும் மகனும் எங்க படுத்தாங்க, எங்க தண்ணி குடிச்சாங்க, எதைப் பொங்கித் தின்னாங்கங்கிற கதை. ஒளிஞ்சு திரியுறவனுக்கும் பசிக்கும்லா. சினிமாவுக்குச் சண்டைக்கே நேரம் போதலை. பூமணிக்குச் சோறு பொங்க நேரம் இருக்கு. எனக்கு அதுதான் பிடிச்சது. உனக்குப் பிடிக்காது, அதுல பாட்டு இல்லை.

சோ. தர்மனோட சூல் நாவலை மட்டும் குத்தம் கண்டுபிடிக்கணும்னே எடுத்தேன். சாகித்ய அகாதெமி 2019-ல பரிசு கொடுத்தா கொடுத்துட்டுப் போகட்டும், உருளைக்குடி நமக்குப் பக்கத்து ஊருல்லா? பக்கத்து ஊர்க்காரர் எழுதினதைக் குத்தம் பார்க்காமப் படிக்கிறது மரியாதை இல்லை. கண்மாய்தான் அதுல கதாநாயகன். கரையை யாரு பார்த்துக்கிட்டது, மடையை யாரு திறந்தது, ஊரே சேர்ந்து காத்த தண்ணி நாடு சுதந்திரம் வாங்கினபிறகு எப்படிக் கேட்பாரில்லாமப் போச்சுன்னு சொல்லுதாரு. கிளைக்கதை ஏகப்பட்டது. நடுவுல ரெண்டு மூணு இடத்துல நான் தூங்கினதும் நிசம். ஆனா வண்டல் மண்ணைப் பத்திச் சொல்லுற இடத்துல கையில மண்ணு ஒட்டுற மாதிரி இருந்துச்சு.

இன்னைக்கு நம்ம கண்மாய் யாருதுன்னு கேட்டுப்பாரு. நூறு ஏக்கருக்கு மேல பாசனம்னா ஒரு இலாகா, குறைஞ்சா ஊராட்சி ஒன்றியம், மீனுக்குத் தனிக் குத்தகை, உள்ள நிக்கிற சீமைக்கருவேலத்துக்குத் தனி ஏலம். மழைக்கு மட்டும்தான் இன்னும் ஆபீஸ் போடலை. தர்மன் சொல்லுறது முக்காவாசி எனக்குச் சம்மதம். ஒரு காவாசி சம்மதமில்லை. பழைய காலம்னா எல்லாம் ஒழுங்கா இருந்துச்சுங்கிற மாதிரி ஒரு ஆசை அதுல தெரியுது. அந்தக் காலத்து வாலை எனக்கும் கொஞ்சம் தெரியும்லே. தண்ணி எல்லாத் தெருக்காரன் வயலுக்கும் ஒரே மாதிரி பாயலை. இதைப் பக்கத்து ஓரத்துல பென்சிலால எழுதி வச்சிருக்கேன். புத்தகத்தைக் கெடுத்துட்டேன்னு கத்தாத, நீ திறந்தாத்தானே தெரியப்போகுது.

கி.ரா.வோட கோபல்ல கிராமம் எனக்குப் பொறாமையைத்தான் கொடுத்துச்சு. நூறு வயசு தாண்டின பூட்டி மங்கத்தாயாரு வாயைத் திறந்தா மொத்தக் குடும்பமும் சுத்தி உக்காந்து கேக்குது. நான் வாயைத் திறந்தா உங்க அம்மா டி.வி. சத்தத்தைக் கூட்டுதா.

பணம் சேர்க்கும் வழின்னு ஒண்ணும் பெட்டியில கிடந்துச்சு, விலை 399 ரூபாய். எழுதினவருக்கு வழி தெரிஞ்சிருக்கு.

பெட்டி தீர்ந்ததும் ஊர்ப்புற நூலகத்துக்குப் போக ஆரம்பிச்சேன். வீட்டு வரியோட ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரின்னு கட்டுதோம்லா, அந்தக் காசுக்காவது நாற்காலியைத் தேய்ப்போம்னுதான். ஆனா இப்ப மக்காச்சோளம் கதிர் பிடிக்குது, காட்டுப்பன்னி இறங்கிருச்சு. ராத்திரி காவலுக்குப் போறதுக்குக் கனமான சரக்கா வேணும். பூமணியோட அஞ்ஞாடி ஆயிரம் பக்கத்துக்கு மேலயாம். 1895-ல நடந்த கழுகுமலைக் கலவரமும் 1899-ல நடந்த சிவகாசிக் கலவரமும் அதுல வருதாம். நமக்கு வேண்டிய ஊருக. உடனே வாங்கி அனுப்பு. அனுப்புறதுக்கு முன்னால அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் போட்டுக்கோ, அம்பத்து மூணாச்சு. லைட்டுக்கு ஒரு பேட்டரியும் சேர்த்து வை.