கைக்கடிகாரப் பாயிரம்: சிட்னி, மெல்போர்ன் தமிழர் மணிக்கட்டில் முதல், வழி, சார்பு

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்திரேலியத் தமிழர் கையில் மின்னும் ரோலெக்ஸ்களில் எது அசல், எது டூப்ளிகேட் என்று துப்பறிவது இவ்வாய்வின் நோக்கமன்று. அப்பணியைச் சொந்தக்காரர்கள் செவ்வனே செய்து வருகிறார்கள். ஒரு நகல் எந்த இடத்தில் குற்றமாகிறது, எந்த இடத்தில் கலையாகிறது என்பதே இங்கு ஆய்வுச் சிக்கல். எல்லைக்கோட்டைக் கண்டறியும் கருவியைச் சுவிட்சர்லாந்தில் தேட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலில் அதைச் செய்து வைத்திருக்கிறார். அவரிடம் வாட்ச் இல்லை என்பது ஒரு குறையாகாது.

1. ஆய்வு நெறி

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கிறது நன்னூல். முன்னோர் நூலோடு ஒத்துப்போய், பின்வந்தவர் தமக்கு வேண்டிய மாறுபாட்டைச் சேர்த்துச் செய்வது வழிநூல். அது இழுக்கன்று, முறையான ஒரு வகை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன்.

இவ்வெட்டும் கடிகாரத்துக்கு அப்படியே பொருந்தும். எல்லை, சிட்னியில் வென்ட்வொர்த்வில் முதல் மெல்போர்னில் டாண்டினாங் வரை. யாப்பு, உள்ளே சக்கரங்கள் கோக்கப்பட்ட விதம். கேட்போர், "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்போர். பயன், மணி பார்ப்பது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொள்ளலாம்.

2. வகைப்பாடு

(அ) முதற்கடிகாரம். எடுத்துக்காட்டு: 1953-இல் வந்த ரோலெக்ஸ் சப்மரீனர். இன்றைய மாடல் ஆஸ்திரேலியாவில் பதினைந்தாயிரம் டாலரைத் தாண்டும். பணம் இருந்தாலும் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. உள்ளிருக்கும் இயந்திரம் மணிக்கு 28,800 முறை துடிப்பதால் நொடிமுள் ஒவ்வொரு நொடியையும் எட்டாகப் பிரித்து வழுக்கிக்கொண்டே போகும்.

(ஆ) வழிக்கடிகாரம். செய்கோ கடிகாரத்தை வாங்கிப் பிரித்து டயல், முள், பெசல் என்னும் வெளிவளையம், கண்ணாடி எல்லாவற்றையும் தன் விருப்பத்துக்கு மாற்றுவது. ஆர்வலர் மொழியில் 'மாட்' செய்வது. இந்த உலகத்தின் நடுநாயகம் என்.எச்.35 என்னும் ஆட்டோமேட்டிக் இயந்திரம்: 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்பு, கழற்றி வைத்தால் ஏறத்தாழ 41 மணி நேர ஓட்டம். பின்னோன் வேண்டும் மாறுபாடு இங்கே பெரும்பாலும் ஆரஞ்சு நிற நொடிமுள்ளாக வெளிப்படுகிறது.

(இ) சார்புக்கடிகாரம். தோற்றம் சப்மரீனருடையது, டயலில் இருப்பது சொந்தக் கம்பெனியின் பெயர். தூரத்தில் பார்த்தால் மாப்பிள்ளை, கிட்டப் போனால் மாப்பிள்ளைத் தோழன்.

(ஈ) பவணந்தியார் வகுக்காத நான்காம் வகை. டயலில் ரோலெக்ஸின் சின்னமான கிரீடம் இருக்கும், கிரீடத்துக்கு உரியவர் செய்திருக்க மாட்டார். இதில் இரு உட்பிரிவுகள். பாலித் தீவுக்கு ஒரு வாரம் போய்வந்தோர் கூட்டாக் கடற்கரையில் பேரம் பேசிக் கொண்டுவருவது முதலாவது. பேட்டரி வாட்ச் ஆகையால் முள் நொடிக்கு ஒருமுறை துள்ளும். தேதிக்கு மேலுள்ள சிறு லென்ஸ் அசலில் இரண்டரை மடங்கு பெருக்கிக் காட்டும். இதிலோ இருக்கிற தேதியை இருக்கிறபடி காட்டும் நேர்மை உண்டு. இரண்டாவது, குவாங்சோ சந்தை வழி வரும் 'சூப்பர் க்ளோன்'. இதில் இயந்திரமும் நகல், துடிப்பும் 28,800. இதையும் பிரித்து, அசல் கண்ணாடியோ அசல் திருகோ வாங்கிப் பொருத்தும் தீவிரவாதிகள் உண்டு. போலிக்கு அசல் உறுப்பு தானம் செய்யப்படும் ஒரே துறை இதுவாக இருக்கலாம்.

3. களஆய்வு

களம்: சிட்னியின் துங்காபியில் ஒரு சாப்பாட்டு மேசை, இரவு பத்து மணி. தகவலாளி மென்பொருள் துறை, இரு குழந்தைகள். கண்ணில் லூப்பு, விரல் நுனிகளில் ரப்பர் உறை, பக்கத்தில் தூசி ஊதும் பலூன். டயலில் கீறல் விழாமல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, இருபுறமும் சிறு நெம்புகோல் கொடுத்து முட்களை ஒரே மூச்சில் தூக்குகிறார். திரும்ப வைப்பதில்தான் வித்தை. திருகைச் சுற்றிக்கொண்டே போய், தேதி 'டக்' என்று மாறும் அந்தக் கணத்தில் நிறுத்தி, மணிமுள்ளைச் சரியாகப் பன்னிரண்டில் பொருத்த வேண்டும். பிசகினால் பதினாலாம் தேதி மாலை நாலு மணிக்கே பதினைந்து பிறந்துவிடும். எல்லாம் முடித்து மூடியை இறுக்கிய பின், டயலில் ஒரு தூசி உட்கார்ந்திருப்பது தெரியும். மறுபடி முதலிலிருந்து.

மனைவி: "ஏங்க, மணி என்னாச்சு தெரியுமா?"

தகவலாளி: "இரும்மா, இன்னும் முள்ளு வைக்கல."

இவ்வுரையாடலில் உள்ள அவலச்சுவை தனி ஆய்வுக்குரியது.

இரண்டாம் களம்: மேஸ் ஹில் முருகன் கோயில் வாசல். மணிக்கட்டைக் கண்ட இளைஞர் ஒருவர், "அண்ணே, ஒரிஜினலா?" என்றார். "ஒரிஜினல் லாக்கர்ல இருக்கு தம்பி. கோயிலுக்கு எதுக்கு அதப் போட்டுக்கிட்டு" என்று விடை வந்தது. இவ்விடை களத்தில் பரவலாகக் கிடைக்கிறது. லாக்கர்களில் உறங்கும் அசல்களை எல்லாம் கூட்டினால் ஜெனீவாவின் உற்பத்தியை மிஞ்சும் என்பது என் கருதுகோள். லாக்கர்கள் திறக்கப்படாதவரை அதை யாரும் மறுக்க முடியாது.

4. துணைக் கண்டறிதல்

புலம்பெயர்ந்த தமிழருக்குக் கடிகாரத்தால் ஆக வேண்டிய காரியம் ஒன்றே: அம்மாவுக்குப் போன் போடலாமா, தூங்கியிருப்பார்களா? இரு ஊர் நேரம் காட்டவே 1955-இல் பான் ஆம் விமானிகளுக்காக ஜி.எம்.டி. மாஸ்டர் வந்தது. அதன் இன்றைய மாடலில் நான்காவது முள் முழு மணிக் கணக்கில் மட்டுமே விலகி நிற்கும். சிட்னிக்கும் சென்னைக்கும் இடையிலோ குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் ஐந்தரை மணி. ஆக, அசலும் சரி, சூப்பர் க்ளோனும் சரி, சென்னை நேரத்தில் அரை மணியைத் தின்றுவிடும். இக்குறையில் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

தீர்வு உண்டு. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை, எண்கள் இல்லாத எந்த வாட்சையும் தலைகீழாகத் திருப்புங்கள். சிட்னி மூன்று மணி, சென்னை ஒன்பதரை மணியாகத் தெரியும். கணக்கு எல்லா மணிக்கும் பொருந்தும். இருபது டாலர் வாட்சிலும் வேலை செய்யும்.

5. வரலாற்றுச் சான்றுகள்

சிட்னியின் புகழ்பெற்ற நகல் கடிகாரம் எந்த மணிக்கட்டிலும் ஏறாது. ரிச்சர்ட் ஸ்மித் என்னும் வாட்ச்காரர், இருபத்தைந்து வயதில், ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் வானியல் கடிகாரத்தைச் சிறிய அளவில் செய்யத் தொடங்கினார். அசலை அவர் கண்ணால் கண்டதில்லை. கையில் இருந்தது அதைப் பற்றிய ஒரு சிறு கையேடு. 1887-இல் தொடங்கி 1889-இல் முடித்தார். மறு ஆண்டே நியூ சவுத் வேல்ஸ் அரசு அதை அருங்காட்சியகத்துக்காக விலைக்கு வாங்கியது. இன்று அது பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைப் போலி என்று எவரும் பறிமுதல் செய்யவில்லை. காரணம் எளிது: ஸ்ட்ராஸ்பர்க் கடிகாரத்தின் மாதிரி, செய்தவர் ஸ்மித் என்று ஊரறியச் சொல்லப்பட்டது. வழியும் மெய், ஆக்கியோன் பெயரும் மெய். காப்பியத் தொடக்கத்திலேயே வான்மீகிக்குரிய இடத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்த கம்பரின் கட்சி அவர்.

மெல்போர்ன் ராயல் ஆர்கேடின் சான்று இன்னும் விசித்திரம். அங்கே காண்ட் கடிகாரத்தின் இருபுறமும் நின்று மணி அடிக்கும் காக், மேகாக் என்னும் பூதங்கள் 1892-இல் செதுக்கப்பட்டவை. லண்டன் கில்ட்ஹாலில் நின்ற பூதங்களைப் பார்த்துச் செய்தவை. லண்டன் அசல்கள் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோயின. இப்போது அங்கே இருப்பவை 1953-இல் வைக்கப்பட்டவை. ஆக, மெல்போர்ன் நகலுக்கு இன்றைய லண்டன் 'அசலை'விட அறுபத்தோரு வயது கூடுதல். யாரை யார் 'அண்ணே' என்பது என்று புலவர்கள் முடிவு செய்யட்டும்.

6. மறுப்பும் விடையும்

'அசல் எல்லாம் தன் பெயரில் தானே செய்ததா?' என்பது மறுப்பு. வலுவான மறுப்புத்தான். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1905-இல் லண்டனில் கடை போட்டபோது இயந்திரங்கள் சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்து ஏக்லர் ஆலையிலிருந்து வந்தன. அந்த ஆலை ரோலெக்ஸுக்குச் சொந்தமானது 2004-இல்தான். ஏறக்குறைய நூறாண்டு, யாப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. விடை: ஏக்லருக்கு அது தெரியும், சம்மதமும் இருந்தது, கூலியும் போய்ச் சேர்ந்தது. கேட்டு வாங்கிய பெயருக்கும் கேட்காமல் எடுத்த பெயருக்கும் இடையில் உள்ள தூரம், இயந்திரத்தில் எட்டுத் துடிப்புக்கும் ஆறு துடிப்புக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது.

சட்டமும் தன்னையறியாமல் நன்னூல் வழியே நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் 1995 வணிகச் சின்னச் சட்டப்படி, போலிச் சின்னம் இட்ட சரக்கு என்று தெரிந்தே விற்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். தபாலில் வரும் பொட்டலத்தை எல்லைப் படை எடுத்து வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. 2024 ஜனவரியில் சுவிஸ் உச்ச நீதிமன்றம், ஜெனீவாவில் ரோலெக்ஸ்களை மாற்றியமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தின் வழக்கில் கோட்டை இன்னும் கூர்மையாக்கியது. உரிமையாளர் தன் சொந்த வாட்சைக் கொடுத்து, தனக்காக மாற்றி வாங்கிக்கொண்டால் அத்துமீறல் இல்லை. மாற்றியதை அதே பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தால் அத்துமீறல். பின்னோன் வேண்டும் மாறுபாட்டுக்குத் தடையில்லை, முன்னோன் பெயரில் கடை விரிக்கத்தான் தடை.

7. முடிவும் பரிந்துரைகளும்

பாயிரத்தின் எட்டுச் செய்திகளில் நான்காம் வகைக் கடிகாரம் ஆறில் உண்மை பேசுகிறது. பொய் சொல்வது ஆக்கியோன் பெயரிலும் வழியிலும் மட்டும். விலை முழுவதும் நிற்பதோ அவ்விரண்டின்மேல். சாப்பாட்டு மேசையில் தேதியின் 'டக்'குக்காகக் காத்திருக்கும் பொறுமை ஸ்மித்தின் பொறுமையோடு ஒப்பிடத்தக்கது. அவ்வளவு உழைத்துவிட்டு அதன்மேல் அடுத்தவர் பெயரை ஒட்டுவது, வழிநூல் எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் போடத் தெரியாமல் நிற்பதற்குச் சமம்.

எனவே பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, மாட் செய்வோர் வெற்று டயல் வாங்கித் தம் பெயரையோ ஊர்ப் பெயரையோ அச்சிடுக. 'துங்காபி ஆட்டோமேட்டிக்' என்ற பெயருக்குப் போட்டியாளர் எவரும் வழக்குத் தொடுக்கமாட்டார். இரண்டு, "ஒரிஜினலா?" என்று யாரேனும் கேட்டால் லாக்கரைத் துணைக்கு அழைக்காமல் பாயிரத்தை எட்டும் வரிசைப்படி ஒப்பிக்கவும். யாப்பு வரும்போது என்.எச்.35-இன் கற்களைத் தொட்டுக் காட்டி விரித்துரைக்கவும். நுதலிய பொருளுக்குப் போவதற்குள் கேட்டவர் தானாகவே விலை விசாரிக்காமல் விலகியிருப்பார்.