இறாலுக்கு ஒரு மெசின், மருமகனுக்கு ஒரு மெசின்

வா மருமகனே, அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. சாயாதே. சாஞ்சால் கண்ணயர்ந்துருவாய், நீ கண்ணயர்ந்தால் தென்னையில இருக்கிற காகமெல்லாம் மதுரங்குளிக்குப் பறந்துரும். நேரே இருந்து கேள்.

மகள் எல்லாம் சொல்லிட்டாள். கொழும்புல தலையிலயும் நெஞ்சிலயும் வயர் ஒட்டி ஒரு ராத்திரி படுத்தெழும்பினாயாம். தாள் ஒன்று தந்தாங்களாம். அதைப் பார்த்து டாக்குத்தர், நித்திரையில மூச்சு அடைபடாம மாஸ்க்கால காற்றுத் தள்ளுற சீபாப் மெசின் எழுத, நீ இறால் வித்த காசுல வாங்கிக்கொண்டு வந்தாயாம். இப்ப அது அலுமாரிக்கு மேல கிடக்காம், அதுக்கு மேல உன்ட சேட்டுக் காயுதாம். இவ்வளவு காசு குடுத்து உடுப்புக் காயப்போடச் சாமான் வாங்கின ஆள் முந்தல் ஊருக்கே நீ ஒருத்தன்தான். அந்தப் பெருமையை நான் பறிக்கப் போறதில்ல.

முதல் ராத்திரிக் கதையும் வந்துது. வாரெல்லாம் இறுக்கிக் கட்டி, லைட்டை நிற்பாட்டி, நான் ஆம்பிளை என்டு படுத்தாயாம். கொஞ்ச நேரத்துல துள்ளி எழும்பி, மாஸ்க்கைப் பிச்சு எறிஞ்சு, ஜன்னலைத் திறந்து, “இது வைத்தியமா, கழுத்தை நெரிக்கிற வேலையா” என்டு தெருவுக்கே கேட்கக் கத்தினாயாம். எறிஞ்ச மாஸ்க் பூனை மேல விழுந்து, அது இன்னும் வீட்டுப் பக்கம் வரல்லையாம். உன்ட வைத்தியத்துல முதல்ல குணமானது பூனைதான். இனி அதுக்கு உன்ட குறட்டை கேட்காது.

நான் யோசிச்சுப் பார்த்தேன். உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீக்குழியில இறங்குற கால் இது. சனமெல்லாம் கும்பிட்டு நிற்க, நெருப்பு மேல நடந்து வந்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் தண்ணி கேட்ட ஆள் நீ. அந்த ஆள் அரைக் கைப்பிடி சிலிக்கோனுக்குப் பயந்து ஜன்னல்ல தொங்கினதை அம்மன் பார்த்திருந்தால் என்ன நினைச்சிருப்பா?

கோபப்படாதே, பயந்ததுக்கு நான் நக்கல் அடிக்கல்ல. சின்ன வயசுல ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறப்ப உன்ட அண்ணன் உன்னை வாடியில ஐஸ்பெட்டிக்குள்ள வச்சு மூடினது எனக்குத் தெரியும். மூடியைத் திறந்தது நான்தானே. அன்றிலேருந்து நீ லிஃப்டுல ஏற மாட்டாய், பஸ்ஸுல ஜன்னல் சீட் இல்லாட்டி நின்டுகொண்டே போவாய். ஒடுங்கின இடத்துப் பயம் உள்ளவனுக்கு மூக்கையும் வாயையும் மூடி ஒன்றைக் கட்டினால் உடம்பு துள்ளத்தான் செய்யும். அந்தப் பயம் இல்லாத ஆட்களும் முதல் நாட்கள்ல மூச்சு முட்டுதென்டு கழட்டி எறியிறாங்களாம். நான் நக்கல் அடிக்கிறது உன்ட அவசரத்துக்கு. தீக்குழிக்கு இறங்க முதல் காப்புக் கட்டி, விரதம் பிடிச்சு, நாள் நாளா மனசைப் பக்குவப்படுத்தத் தெரிஞ்சவன், இதுக்கு மட்டும் எடுத்தவுடனே நடுச்சாமத்துல, இருட்டுல, முழு வேகத்துல குதிச்சது என்ன புத்தி?

சரி, உன்ட தொழிலுக்கு வருவோம். பண்ணையில ராத்திரி என்ன செய்யிறாய்? காற்றடிக்கிற சக்கரத்தைச் சுத்த விட்டுட்டு வாறாய். ஏன்? பகல்ல பாசி தண்ணிக்குக் காற்றுக் குடுக்கும். பொழுது பட்டால் குடுக்கிறதை நிற்பாட்டிட்டு இறாலோட சேர்ந்து தானும் இழுக்கும். விடியப்புறம் தண்ணியில காற்று அடிமட்டத்துக்கு வந்துரும், இறாலெல்லாம் மேல வந்து வாயைத் திறக்கும். இது உனக்குத் தண்ணிபட்ட பாடு. கரண்ட் போனால் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டருக்கு ஓடுவாய். 1996ல வெள்ளைப்புள்ளி நோய் வந்து இந்தக் கரையில பண்ணை பண்ணையா வெறிச்சோடிப் போனதை உன்ட அப்பன் காலத்து ஆட்கள் இன்னும் சொல்லிச் சொல்லி அழுறாங்க, அதால இறாலுக்கு ஒரு தும்மல் வந்தாலும் உனக்கு நித்திரை இல்ல. நல்லது. அந்த இறாலுக்குக் காற்றுக் குடுக்கிற மனுசன் ராத்திரியில தனக்குக் காற்று வேணாம் என்டால், ஒன்று இறால் உன்னைவிடப் பெறுமதி, இல்லாட்டி உனக்குக் கணக்குத் தெரியாது.

கணக்கை நான் சொல்றேன். அந்தத் தாளை மகள் காட்டினாள். மணித்தியாலத்துக்கு 38 தரம் உனக்கு மூச்சு நிற்குது, இல்லாட்டிக் குறையுது. ஒவ்வொன்றும் 10 செக்கனுக்குக் குறையாது. 5க்குக் கீழ இருந்தால் பயமில்ல, 15 வரை லேசு, 30க்கு மேல போனால் கடுமை என்டு டாக்குத்தர்மார் வகுத்து வச்சிருக்காங்க. நீ ஆறு மணித்தியாலம் படுத்தால் 228 தரம். தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால விழுந்து, வழி அடைபட்டு, இரத்தத்துல ஒக்சிசன் இறங்க, மூளை பதறி உன்னை உலுப்பி எழுப்புது. உனக்கு ஞாபகம் இருக்காது, பக்கத்துல படுக்கிறவளுக்கு இருக்கும். அவள் இப்ப விறாந்தையில படுக்கிறாள் என்டு நீ வெளியில சொல்றதில்ல. மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுதாம்! மாஸ்க் இல்லாம ராத்திரிக்கு இருநூறு தரம் முட்டுறதை என்னவென்டு சொல்றது?

போன மாசம் சிலாபத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டு போறப்ப பத்துலு ஓயாப் பாலத்துக்கிட்டக் கண்ணை மூடினாய். நான் பக்கத்துல இருந்தேன். பகல் நித்திரை, ரத்த அழுத்தம், இதயத்துக்கு வாற கேடு, எல்லாம் இந்த வருத்தத்துக்குச் சொந்தக்காரங்கதான். தங்கச் சங்கிலி அடுக்கடுக்காப் போட்டுக்கொண்டு பாடுவாரே, இந்திப் படத்துக்கு மியூசிக் போட்ட பப்பி லஹிரி, 2022 பெப்ரவரி 15ல பம்பாய்ல செத்தார். தூக்கத்துல மூச்சு அடைபடுற இந்த வருத்தம்தான் காரணம் என்டு டாக்குத்தர் சொன்னார். வயசு 69. என்னைவிடச் சின்னப்பொடியன்.

இந்த மெசின்ட பூர்வீகத்தைப் பேத்தி போன்ல தேடி வாசிச்சுக் காட்டினாள். அவுஸ்திரேலியாவுல சிட்னியில கொலின் சலிவன் என்டு ஒரு டாக்குத்தர். அந்தக் காலத்துல இந்த வருத்தம் முத்தினால் ஒரே வழி, தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வைக்கிறது. ஒரு நோயாளி அதுக்குச் சம்மதிக்கல்ல. 1980ல சலிவன் தூசி உறிஞ்சுற மெசின்ட மோட்டரை மாற்றிக் காற்றைத் தள்ள வச்சு, அந்த மனுசன்ட மூக்குல மாஸ்க்கை வச்சு விட்டார். அவன் ராத்திரி முழுக்க நித்திரை கொண்டான். அடுத்த வருசம் அஞ்சு நோயாளிகள்ட கதையை ‘லான்செட்’ என்ட மருத்துவப் பத்திரிகையில எழுதினார். அந்த ஆரம்பத்துல மாஸ்க்கை முகத்துல பசை போட்டு ஒட்டுறதாம், மருமகனே! ஒவ்வொரு ராத்திரியும் ஒட்டி, விடிய உரிக்கிறது. உனக்கு ஒரு கிளிப்பைத் தட்டினால் கழருது. அப்படியிருந்தும் பூனைக்கு எறியிறாய்.

இதுல வெட்கமும் ஒன்று இருக்கு, அதை நீ சொல்லல்ல, நானே சொல்றேன். மூக்குல தும்பிக்கை தொங்க மகள் முன்னால படுக்கக் கூச்சம். 2023 ஜூன்ல, அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த பைடன்ட கன்னத்துல வார்த் தழும்பைப் பத்திரிகைக்காரன் பார்த்துட்டான். என்னவென்டு கேட்டால், ஆமாம், அவர் இந்த மெசின்தான் பாவிக்கிறார் என்டு வெள்ளை மாளிகையே சொல்லிட்டுது. அணுகுண்டுப் பெட்டிக்குச் சாவி வச்சிருந்தவனுக்கு இல்லாத கூச்சம் இறால் பெட்டிக்குச் சாவி வச்சிருக்கிற உனக்கு எதுக்கு?

இனி வேலைக்கு வா. நாளைக்கு ராத்திரி மெசினைத் தொடாதே. பகல்ல தொடு. பின்னேரம் பிள்ளைகள் நாடகம் பார்க்கிறப்ப நீயும் கதிரையில இரு, மாஸ்க்கைக் கையில வச்சிரு, அவ்வளவுதான். தடவிப் பார், மணந்து பார், ஓட்டையெல்லாம் எண்ணிப் பார். பிறகு கையாலேயே மூக்குல பிடி, வாரைப் போடாதே. எப்ப வேணுமென்டாலும் எடுக்கலாம் என்டு கைக்குத் தெரிஞ்சால்தான் மூளை சும்மா இருக்கும். அது பழகினால் வாரைப் போட்டுக்கொண்டு நாடகம் பார். அதுவும் பழகினால் காற்றைத் திறந்துவிட்டுப் பார். கண் திறந்திருக்கணும், வெளிச்சம் இருக்கணும். பயம் ஏறினால் வீரம் காட்டாதே, ஒரு படி இறங்கி முந்தினதையே செய். பிறகுதான் மத்தியான நித்திரை, கடைசியாத்தான் ராத்திரி. சிலருக்கு நாலைஞ்சு நாள், சிலருக்கு வாரக்கணக்கு. கிளிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கழட்டப் பழகு. ஐஸ்பெட்டிக்கு உள்பக்கம் கைபிடி இருந்திருந்தால் நீ அன்றைக்கு அவ்வளவு அழுதிருக்க மாட்டாய்.

மாஸ்க்கும் ஒரே சாதி இல்ல. உனக்குத் தந்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுறது. மூக்கை மட்டும் மூடுறது இருக்கு, மூக்குத் துவாரத்துல சின்னதாப் பொருந்தி நிற்கிறதும் இருக்கு, கண்ணுக்கு முன்னால ஒன்றும் மறைக்காது. பயக்காரங்களுக்கு அது தோது, ஆனால் வாயை மூடி மூக்கால மூச்செடுக்கணும். வாங்கின இடத்துல கேள், டாக்குத்தர்ட்டயும் கேள். காந்தம் வச்ச கிளிப்பும் வருது. நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வச்ச ஆட்களும், அவங்களுக்குப் பக்கத்துல படுக்கிறவங்களும் அதைப் பாவிக்கக்கூடாது. வாரை இறுக்கினால் காற்று ஒழுகாது என்டு நினைக்காதே. கூட இறுக்கினால் மூக்கு புண்ணாகும், ஒழுகுறதும் கூடும்.

காற்று முகத்துல அடிக்கிறதுதான் திகில் என்டால், அதுக்கும் வழி இருக்கு. இந்த மெசின்கள் 4 சென்ரிமீற்றர் தண்ணி அழுத்தத்துலேருந்து 20 வரை போகும். மெல்லத் தொடங்கி நித்திரை வர வர ஏறுற மாதிரி வைக்கலாம். சிலருக்கு 4ல காற்றுப் போதாமலே முட்டும். அவங்களுக்குத் தொடக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கணும். அதை டாக்குத்தர் செய்யட்டும், நீ வாட்டர் பம்ப் திருத்துற குறடைக் கொண்டு போகாதே. மூக்கடைப்பு இருந்தால் முதல்ல அதுக்கு மருந்து எடு. ஈரம் குடுக்கிற தொட்டிக்கு எங்கட கிணத்துத் தண்ணியை ஊத்தாதே, உப்புப் படியும். காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்கு.

பயத்துக்கு ஒரு போத்தல் கள்ளு என்ட யோசனை உனக்கு வந்திருக்கும், எனக்குத் தெரியும். தென்னை எங்கட, கள்ளும் எங்கட, ஆனால் சாராயமும் கள்ளும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தும். நித்திரைக் குளிசையும் டாக்குத்தர் சொல்லாமல் எடுக்கக்கூடாது.

கரண்ட் போனால் மாஸ்க்குக்குள்ளேயே செத்துருவேன் என்டு மகள்ட்டச் சொன்னாயாம். கேள்வி நல்ல கேள்வி. 2022ல ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டின நாடு இது. 2025 பெப்ரவரி 9ல பாணந்துறையில குரங்கு ஒன்று மின்சார நிலையத்துல கை வைக்க, நாடு முழுக்க இருட்டு. எங்கட நுரைச்சோலை மின்நிலையத்து மூன்று மெசினும் நின்று, அடுத்த நாட்கள்லயும் முறை போட்டு வெட்டினாங்க. ஆனால் மாஸ்க் செய்தவன் குரங்கையும் யோசிச்சுத்தான் செய்திருக்கான். நீ விடுற மூச்சு வெளிய போக அதுல எப்பவும் திறந்த ஓட்டைகள் இருக்கு. சத்தம் வருதென்டு டேப் ஒட்டி அடைச்சிராதே. மூக்கையும் வாயையும் மூடுற மாஸ்க்குல காற்று நின்றால் தானாத் திறக்கிற வால்வ் இருக்கு. மூக்கு மாஸ்க் என்டால் வாய் இருக்கு, அதைத் திறக்க உனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. கரண்ட் போனதும் பெரும்பாலும் முழிப்பு வரும், கழட்டி வச்சுட்டுப் படு. ஜெனரேட்டர்ல இறாலுக்கு ஓடுற வயருல ஒன்று வீட்டுக்கும் இழுக்க முடியாதா என்டு நான் கேட்கமாட்டேன், உனக்கே தோணும்.

இவ்வளவும் செய்தும் நெஞ்சு படபடவென்டு அடிச்சுக்கொண்டே இருந்தால், அந்தப் பயத்துக்கே தனியா வைத்தியம் பார்க்கிற ஆட்கள் இருக்காங்க. டாக்குத்தர்ட்டச் சொல்லு, அனுப்புவார். அதுக்கும் கூச்சப்படாதே.

கடைசியா ஒன்று. போட்டேன், போட்டேன் என்டு டாக்குத்தரை ஏமாற்றலாம் என்டு நினைக்காதே. மெசின்ட வயித்துக்குள்ள ஒரு கணக்குப்பிள்ளை இருக்கான். எந்த ராத்திரி எத்தனை மணித்தியாலம் போட்டாய், எவ்வளவு ஒழுகிச்சு, எத்தனை தரம் மூச்சு நின்றது, எல்லாம் எழுதி வைப்பான். ராத்திரிக்கு நாலு மணித்தியாலமாவது போடச் சொல்லித்தான் பல இடத்துலயும் கேட்கிறாங்க. சேட்டுக் காயப்போட்ட கணக்கை அவன் எழுதமாட்டான். நாளைக்கு ஆறரைக்கு நாடகம் தொடங்கும், மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்துல இரு. நான் சிரிக்கமாட்டேன் என்டு மட்டும் சத்தியம் கேட்காதே.