விளக்கு இல்லாத வீட்டுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம்

பெறுநர்: ஒருங்கிணைப்பாளர், பன்னாட்டு உறவுகள் பிரிவு, நம் கல்லூரி.

பொருள்: 17ஆவது புரிந்துணர்வு ஒப்பந்தம் – மகிழ்ச்சி தெரிவித்தல் – விளக்கு ஒன்று வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: வாசலில் கட்டியுள்ள பிளெக்ஸ்.

ஐயா,

இன்னொரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடும் நமக்குச் சம்பந்தம் கூடிவிட்டதை வாசலில் பிளெக்ஸ் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆக, 17 நிச்சயதார்த்தம். முகூர்த்தம் ஒன்றுகூடக் குறித்தபாடில்லை.

விழாவில் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். அந்தப் பக்கத்துப் பேராசிரியர் ஜூமில் வந்தார். திரைக்குப் பொன்னாடை போர்த்த வழியில்லாததால் லேப்டாப்புக்குப் போர்த்தினீர்கள். அவருக்குப் பாதி முகம் மறைந்தது. தரமதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்கு ஜியோ டேக் படம்தான் செல்லும் என்று மூன்று தரம் எடுத்தார்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பளிச்சென்று விழுந்தன. மனிதர்தான் விழவில்லை.

ஒப்பந்தம் போட்டால் நாக் மதிப்பெண் ஏறும் என்கிறீர்கள். மதிப்பெண் 3.01ஐத் தொட்டால் வெளிநாட்டோடு சேர்ந்து கூட்டுப் பட்டம் நடத்தலாம் என்று யு.ஜி.சி.யின் 2022 விதி சொல்கிறது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

இனி விளக்கு. எங்கள் வேதியியல் துறையின் யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரில் டியூட்டீரியம் விளக்கு போய் 14 மாதம் ஆகிறது. மூன்று கொட்டேஷன் வைத்தோம். கோப்பு மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒரு கம்பெனி கடையையே மூடிவிட்டது. ‘புதிதாக மூன்று பெறுக’ என்று பச்சை மையில் எழுதித் திருப்பினார்கள். அதுவரை ஆய்வு சும்மா நிற்குமா? என் ஆய்வு மாணவி தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மாதிரிகளை அடுக்கிக்கொண்டு, காலை 5 மணி பஸ்ஸில் 90 கிலோமீட்டர் போய் இன்னொரு கல்லூரியில் அளந்துவிட்டு வருகிறார். கண்டக்டர் மீன் பெட்டி என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். எங்கள் துறையில் உண்மையாகவே நடக்கும் ஒரே நிறுவனக் கூட்டுறவுக்கு அந்த டிக்கெட்தான் ஆவணம். நாக் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாமா?

பணத்துக்கு வழி இருக்கிறது, விண்ணப்பியுங்கள் என்பீர்கள். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 2023இல் சட்டமே வந்தது. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது கணக்கு. இலை போட்டாயிற்று, சோறு பக்கத்து வீட்டிலிருந்து வரும். ஆராய்ச்சி மானியத்துக்கு ஜி.எஸ்.டி. எங்கே என்று பெரிய கல்வி நிறுவனங்கள் சிலவற்றுக்கு நோட்டீஸ் போய், 2024 செப்டம்பரில்தான் கவுன்சில் விலக்குத் தர முடிவெடுத்தது. அதுவரை நம் கல்லூரி நிம்மதியாகத் தூங்கியது. மானியம் வந்தால்தானே வரி!

இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் வேறு. 9ஆவது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வெளிநாட்டுப் பேராசிரியர், பாவம், போன மாதம் ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருக்கிறார்: வேலையை எப்போது தொடங்கலாம்?

அச்செடுத்த அந்த ஒரு வரி முதல்வரிடமிருந்து தங்களுக்கும், தங்களிடமிருந்து துறைத் தலைவருக்கும், அங்கிருந்து எனக்கும் ‘தக்க நடவடிக்கைக்காக’ வந்து சேர்ந்திருக்கிறது. ஓரத்தில் ஐந்து சுருக்கொப்பம். என்ன பதில் போடுவது என்று அலுவலகத்தில் கேட்டேன். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை சார், பழைய ஃபைலில் மாதிரி இல்லை என்றார்கள்.

ஆகவே நானே ஒரு பதில் தயாரித்திருக்கிறேன்: ‘விளக்கு வந்ததும்.’ அனுப்ப ஒப்புதல் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர், வேதியியல் துறை.

இணைப்பு: 1. கொட்டேஷன் – 3 (மறுபடியும்). 2. லக்கேஜ் டிக்கெட் – 1 (அசல், நகலெடுக்கும் இயந்திரத்தில் டோனர் இல்லை).