வெஞ்சனத் தட்டைப் பாத்து மயங்காத மாப்ள

மாப்ள, நீயும் உன் சேக்காளிகளுமா ஆறு பேரு மெட்ராசுலருந்து கெளம்பி வந்து, ஒரே ராத்திரியில மதுரையில உள்ள அம்புட்டுக் கடையையும் ஒரு கை பாத்துப்புடுறதாத் திட்டம் போட்டிருக்கீகளாமே. என் தங்கச்சி போன்ல சொன்னா. சந்தோசம். ஊரை அடிச்சு உலையில போட்டவுகளை நான் பாத்திருக்கேன். ஊரோட உலையையே தூக்கி வயித்துல போடக் கெளம்புனவுகளை இப்பத்தான் பாக்குறேன்.

நீ அனுப்புன பட்டியலைப் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. சீர்வரிசைப் பட்டியல் கூட அம்புட்டு நீளம் இருக்காது. அதுல முதப் பேரே முருகன் இட்லிக் கடை. அவுக மதுரைக்காரவுகதான், நான் மறுக்கல. பொடி இட்லியும் வெங்காய ஊத்தப்பமும் நல்லாத்தான் இருக்கும். ஆனா தியாகராய நகர்ல அவுக கிளை இருக்கு, சிங்கப்பூர்லயும் இருக்கு. நீ வீட்டுல இருந்து பஸ்சுல போற தூரத்துல இருக்குற இட்லிக்காக ராத்திரி முழுக்க ரயில்ல உக்காந்து வாறியே, உன் பக்தியை மெச்சணும்ப்பு.

போனைப் பாத்து நட்சத்திரத்தை எண்ணி எண்ணிக் கடை தேடுறதுக்கு முன்னால ஊரோட அமைப்பைக் கொஞ்சம் மண்டையில ஏத்திக்க. கோயிலைச் சுத்திச் சித்திரை வீதி, அதைச் சுத்தி ஆடி வீதின்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ள. வெளிய வந்தாச் சித்திரை, பொறவு ஆவணி மூலம், அதுக்கங்கிட்டுத் தேரோடுற மாசி வீதி. அதையும் தாண்டுனா மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி. அந்தக் கடேசி வட்டத்துல முந்தி கோட்டைச் சுவரும் அகழியுமா இருந்துச்சு. 1834-ல இருந்து 1847 வரைக்கும் கலெக்டரா இருந்த பிளாக்பர்ன் துரை அதை இடிச்சுத் தூத்து ஊரை விரிச்சு விட்டாரு. அளந்த மாரட்டு பேருல ஒரு வீதி, ஆளைக் கட்டி வேலை வாங்குன பெருமாள் மேஸ்திரி பேருல ஒரு வீதி. துரைக்கு? ஒரு விளக்குத்தூணு. இன்னிக்கு அந்தத் தூணுப் பக்கம்தான் ஜிகர்தண்டாவுக்குச் சனம் முண்டியடிச்சுக்கிட்டு நிக்குது. பாவம், கோட்டையை இடிச்ச மனுசனை ஒருத்தனும் நிமுந்து பாக்குறதில்ல.

மேல பெருமாள் மேஸ்திரி வீதியில லாட்ஜ் எடுத்துக்கங்க. டவுன்ஹால் ரோடு பக்கத்துல, ரயிலடி பக்கத்துல, எல்லாம் நடை தூரம். நடக்க மாட்டோம், கார் வேணும்ன்னீகன்னா, மாசி வீதியில கார் நிறுத்த இடம் தேடியே உங்களுக்கு மறுபடி பசி எடுத்துரும். அதுவும் நல்லதுக்குத்தான்.

இப்ப விசயத்துக்கு வாறேன். தூங்கா நகரம்னு பேரு வச்சதால எல்லாக் கடையும் எந்நேரமும் முழிச்சிருக்கும்னு நீ நெனைச்சுப்புட்ட. ஒரு கடை கண்ணை மூடுறப்பத்தான் இங்க இன்னொண்ணு கண்ணு முழிக்கும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. ராத்திரி ஏழு மணிக்கு வந்து எறங்கி அயிரை மீன் குழம்பு எங்க, பருத்திப்பால் எங்க, வெள்ளையப்பம் எங்கன்னு கேட்டா, கடைக்காரன் உன்னை ஏற எறங்கப் பாத்துட்டு "நாளைக்கு வாங்கண்ணே"ம்பான். அவன் மரியாதைக்காரன், மனசுக்குள்ள என்ன சொன்னான்னு உனக்குக் கேக்காது.

விடியக்கால எந்திரி. மெட்ராசுக்காரனுக்கு இது ஆகாத காரியம்தான், ஆனாலும் எந்திரி. பருத்திக் கொட்டையை ஊறவச்சு ஆட்டிப் பாலெடுத்து, கொஞ்சம் அரிசி மாவு விட்டு, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டுக் காய்ச்சுன பருத்திப்பாலைத் தள்ளுவண்டியில வச்சிருப்பான். ஒரு டம்ளர். ஒண்ணே ஒண்ணு. உங்க கூட்டத்துல எவனாச்சும் "இதுல புரோட்டீன் எம்புட்டு"ன்னு கேட்டா அவனை அடுத்த ரயில்ல ஏத்தி விட்டுரு.

மத்தியானந்தான் உனக்குக் கண்டம் இருக்கு. வைகையைத் தாண்டித் தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ்சு, குமார் மெஸ்சுன்னு வரிசையா இருக்கு. மெஸ்சுங்குற பேரைப் பாத்து மாசக் கணக்குல மோர்ச்சோறு போடுற எடம்னு நெனைச்சுராத. இலையைப் போட்டு, தண்ணி தெளிச்சு, சோத்தை வச்சுட்டு ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்புன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு ஊத்துவான். எல்லாத்தையும் மொதச் சோத்துலயே கொழப்பிப் பெணையாத. அயிரைக் குழம்பு வந்தா அதுக்குன்னு தனியாச் சோறு ஒதுக்கி வையி. அது விரல் நீளம் கூட இல்லாத மீனு. கம்மாச் சேத்துல வளர்றது. உசுரோட இருக்குறப்பவே மண்ணைக் கக்க வச்சு, உப்புப் போட்டு மண்சட்டியில ஒரசி ஒரசிக் கழுவணும். கழுவுற பொம்பளைக்குத்தான் அதோட அருமை தெரியும். நீ ரெண்டு வாயில முழுங்கிட்டு "கொஞ்சம் கசக்குதே"ம்ப.

சோறு பாதி எறங்குனதும் ஒருத்தன் பெரிய தட்டைத் தூக்கிட்டு வருவான் பாரு, அங்க உசாரா இரு. மட்டன் சுக்கா, கோலா உருண்டை, மூளை, ஈரல், சுவரொட்டி, குடல், காடை, எறால், நெய்மீன் வறுவல், நல்லி எலும்பு ஆம்லெட்டு. குட்டிக் குட்டித் தட்டுல வச்சுக் கல்யாணப் பொண்ணுக்கு நகை காட்டுறவன் மாதிரி உன் மூஞ்சிக்கு நேரே நீட்டுவான். வாயைத் தொறந்து வெலையைச் சொல்ல மாட்டான். நீ கேட்டாச் சொல்லுவான். ஆனா சேக்காளிக நாலு பேருக்கு முன்னால வெலை கேக்க உனக்கு வெக்கமா இருக்கும். அந்த வெக்கத்துக்குத்தான் மாப்ள அவன் கணக்குப் போட்டு வாறான். ஒருத்தன் சுக்காங்குறான், இன்னொருத்தன் அவனுக்குச் சளைக்காம ரெண்டு காடைங்குறான், மூணாமத்தவன் படம் புடிக்கிறதுக்காகவே மூளையை எடுத்து வக்கிறான். சாப்பாட்டு வெலை ஓரமா நிக்க, வெஞ்சன வெலை பில்லு முழுக்க சம்மணம் போட்டு உக்காந்துக்கிரும். கூசாம வெலையைக் கேளு. ரெண்டு பேருக்கு ஒரு தட்டுன்னு பகுந்துக்கங்க. கடைக்காரனைக் குத்தம் சொல்லாத. அவன் நீட்டத்தான் செஞ்சான், எடுத்தது உன் கையி.

பொறவு போயித் தூங்கு. மத்தியானச் சோறு செரிக்காம சாயங்காலம் கடைத்தெருவுல எறங்குறவன் கோயிலைப் பாக்காம செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத் திரும்பி வந்தவன்.

வெயில் தாழ மேலச் சித்திரை வீதிப் பக்கம் போனாக் கோபு அய்யங்கார் கடை. வெள்ளையப்பமும் பச்சை மொளகாச் சட்னியும். உங்க கூட்டத்துல ஒரு சைவக்காரன் இருக்கானாமே, இதுவரைக்கும் உங்க எலும்பைப் பாத்துக்கிட்டே தயிர்ச்சோறு தின்னவன், அவனுக்கு இது திருநாளு. அவனை ஏளனம் பண்ணாத. ராத்திரி உங்க அஞ்சு பேரையும் லாட்ஜுக்குத் தாங்கிப் புடிச்சுக் கூட்டிப் போகத் தெம்பா இருக்கப்போறவன் அவன் ஒருத்தன்தான். தெக்கு மாசி வீதிப் பக்கம் சௌராஷ்டிரக்காரவுக முள்முருங்கை வடை போடுவாக. அந்த எலையை அரிசியோட சேத்து ஆட்டி, பூரி மாதிரி பொரிச்செடுத்து, மேல காரப்பொடி தூவித் தருவாக. பச்சைப் பசேல்னு இருக்கும். அதையும் அவனை வாங்கித் தரச் சொல்லு.

இருட்டுன பொறகு கொத்துப் பரோட்டாக் கல்லு சத்தம் வழி காட்டும், போனைப் பையில போடு. ஒரு செட்டுன்னா ரெண்டு பரோட்டா. சால்னா எம்புட்டு வேணாலும் ஊத்துவான். பன் பரோட்டா கேட்டா உப்பலா, குண்டா வரும். சிம்மக்கல் கோனார் கடையில கறி தோசை உண்டு. கீழ தோசை, அதுக்கு மேல முட்டை, அதுக்கு மேல கொத்துக்கறி. அதைத் தோசைன்னு நெனைச்சு ஆளுக்கு ரெண்டு சொல்லிறாத. ஆறு பேருக்கு ரெண்டு சொன்னாப் போதும். பொறவு விளக்குத்தூணுக்கு வந்து ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சுன பாலு, பாதாம் பிசின், நன்னாரி சர்பத்து, மேல ஐஸ்கிரீம். "மெட்ராசுலயே இதைவிட நல்லாருக்கும்"னு ஒருத்தன் சொல்லுவான். எந்தக் கூட்டத்துலயும் அப்பிடி ஒருத்தன் இருப்பான். பிரியாணி தின்னா திண்டுக்கல்ம்பான், அல்வா தின்னா திருநவேலிம்பான். அவன்கிட்ட வாதாடாத, பில்லை அவன் பக்கம் நகத்தி வையி. ஊமையாகிருவான்.

பட்டியல்ல மிச்சம் கெடக்கே மாமான்னு அழாத. மிச்சம் கெடக்கட்டும். நான் இந்த மேலூர்ப் பக்கமே பொறந்து வளந்தவன், எனக்கே மிச்சம் கெடக்கு.

ஊருக்குத் திரும்புறப்ப ரயிலடிப் பக்கத்துல பிரேமா விலாசுல சூட்டோட அல்வா அரைக் கிலோ கட்டச் சொல்லி, மேலூர் பஸ்சுல கண்டக்டர்கிட்டக் குடுத்து விடு. பேரைச் சொன்னா எறக்கிக் குடுத்துருவாரு. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். என் தங்கச்சிக்கு அல்வா விசயம் தெரிய வேணாம்.